புத்தகம் அடிச்சாச்சு, இனி எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். மூன்றையும் சொந்தக் காசில் அச்சடித்து, நானே சுமந்து, முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நானே விற்றேன். முதல் தொகுப்பின்போது நான் செய்யாத பிழை இல்லை. இப்போது புதிதாகப் புத்தகம் போடுகிறவர்கள் போன் எடுத்துக் கேட்கிறார்கள். கேள்விகள் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் புத்தகத்தை நானே சொல்லித் திரிய வெட்கமாயிருக்கிறது. சொல்லலாமா?

இதற்கு நன்னூலிலேயே பதில் இருக்கிறது. எத்தனை துறை கற்று முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார் பவணந்தி முனிவர். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களில் புகழலாம் என்று விட்டுக்கொடுக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், சபையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. எங்கள் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய அதே நன்னூல்தான். முதல் புத்தகம் போடுகிறவருக்கு இரண்டாவது இடம் அச்சொட்டாகப் பொருந்தும், உங்களை இன்னும் யாருக்கும் தெரியாது. ஆகவே தாராளமாகச் சொல்லலாம். நான்காவது இடத்தை மட்டும் முகநூலில் பாவிக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கியபோது கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. இதழ்களைக் கையில் சுமந்துகொண்டு ஆட்களைத் தேடிப்போய் விற்றார். அதைப் பற்றி அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

சொல்வது வேறு, புகழ்வது வேறு. 'ஈழத்து இலக்கியத்தின் தவிர்க்க முடியாத வரவு' என்று உங்கள் புத்தகத்தைப் பற்றி நீங்களே எழுதினால் வாசிக்கிறவர் மெல்லச் சிரிப்பார். 'பதினொரு கதைகள், 144 பக்கம், பெரும்பாலும் பாசையூர்க் கரையில் நடப்பவை' என்று எழுதினால் அவருக்கு ஏதோ தெரியவருகிறது. வாங்குவதா இல்லையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் பதினைந்து வட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். எல்லாவற்றிலும் போடலாமா?

வேண்டாம். முதற்காரணம் கணக்கு. எங்களில் பலரும் முந்நூறு, மிஞ்சினால் ஐந்நூறு பிரதிதான் அடிக்கிறோம். அதை வாங்கக்கூடிய ஆட்கள் ஒரு சின்ன வட்டம். பழைய மாணவர் குழு, ஊர்க்குழு, இலக்கியக் குழு, ஆசிரியர் குழு என்று எல்லாவற்றிலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். நீங்கள் பதினைந்து குழுவில் போட்டால் பதினைந்து புது ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் ஒரே ஆள் ஒன்பது தரம் பார்க்கிறார். மூன்றாம் தரத்தில் அவருக்கு அட்டைப்படம் மனப்பாடம். ஆறாம் தரத்தில் உங்கள் பேரைக் கண்டாலே ஒதுக்கிவிட்டுப் போகிறார். பெரிய நகரத்தில் பத்துப்பேர் முகஞ்சுளித்தால் தெரியாது. இங்கே அந்தப் பத்துப்பேரும் நாளைக்கு வெளியீட்டு விழாவின் முன்வரிசையில் இருக்கவேண்டியவர்கள்.

இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். முதல் தொகுப்பு அச்சகத்திலிருந்து வந்த அன்று காலை, பெட்டியைப் பிரித்த கையோடு அட்டையைப் படமெடுத்து ஊர்க்குழுவில் போட்டேன். கீழே பூச்செண்டு, மத்தாப்பு, கைதட்டல் எல்லாம் போட்டேன். போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். திரும்பிவந்து பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அக்கா ஒரே வரி எழுதினார்: "தம்பி, கொஞ்சம் மேல பாருங்கோ." மேலே தள்ளிப் பார்த்தேன். விடிய ஐந்து மணிக்கு எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவரின் மரண அறிவித்தல். அதற்குக் கீழே நாற்பது பேரின் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஓம் சாந்தி'. அவற்றின் நடுவே என் மத்தாப்பு. அழித்துவிட்டேன். ஆனால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி அப்படியே அங்கே இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் குழுவிலும் கடைசி இருபது செய்திகளை வாசிக்காமல் நான் எதுவும் போடுவதில்லை. மே 18, நவம்பர் 27 போன்ற நினைவேந்தல் நாட்களில் புத்தகக் கதையே எடுப்பதில்லை.

சரி, ஒரு குழுவில் போடுவதற்கு எப்படி அனுமதி கேட்பது?

யாருடைய வீட்டுக்குப் போனாலும் படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அதேதான் இங்கேயும். குழுவின் அட்மினுக்குத் தனியாக ஒரு செய்தி போதும்:

'வணக்கம் அண்ணா. என் சிறுகதைத் தொகுப்பு இந்த மாதம் வருகிறது. அறிவித்தலை ஒருமுறை மட்டும் குழுவில் போடலாமா? குழுவின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்றால் பரவாயில்லை, சொல்லுங்கள்.'

கடைசி வசனம் முக்கியம். மறுக்க ஒரு வழியை அவருக்கு நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். பதில் வராவிட்டால் அதை ஓம் என்று எடுக்கக்கூடாது. அனுமதி தந்தவர் 'நானே போட்டுவிடுகிறேன்' என்று சொன்னால் இன்னும் நல்லது. உங்கள் புத்தகத்தைப் பற்றி இன்னொருவர் வாயால் வரும் சொல்லுக்கு எடை கூட.

முகநூலில் ஐம்பது நண்பர்களை டேக் பண்ணினால் நிறையப் பேர் பார்ப்பார்கள்தானே?

பார்ப்பார்கள். நீங்கள் டேக் பண்ணிய ஆளின் நண்பர்கள் கண்ணிலும் அது படக்கூடும். அதுதான் பிரச்சினையே. அவருடைய சுவரில் அவரைக் கேட்காமல் நோட்டீஸ் ஒட்டுகிறீர்கள். டேக்கைத் தான் பார்த்து அனுமதித்த பிறகே தன் பக்கத்தில் காட்டும்படி பலர் இப்போது அமைத்து வைத்திருக்கிறார்கள், அது உங்களைப் போன்ற ஐம்பது பேரால் வந்த வினை. அட்டை வரைந்தவர், முன்னுரை தந்தவர், பதிப்பாளர் ஆகியோரை டேக் பண்ணுங்கள். அவர்களுக்கு அதில் உரிமை இருக்கிறது. மற்றவர்களை விடுங்கள்.

தனித்தனியாக இன்பொக்ஸில் அனுப்புவது மரியாதைதானே?

தனித்தனியாக எழுதினால் மரியாதை. ஒரே செய்தியை வெட்டி ஒட்டி இருநூறு பேருக்கு அனுப்பினால் இல்லை. 'வணக்கம், நலமா?' என்று எழுதிவிட்டு, மற்றவர் 'நலம், நீங்கள்?' என்று எழுதிய அடுத்த நிமிடமே அட்டைப்படத்தை அனுப்புகிறார்கள் பாருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடுத்த தடவை உண்மையாகவே நலம் விசாரித்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வட்ஸ்அப் புறோட்காஸ்ட் பட்டியலில் ஒரு நல்ல குணம் உண்டு: உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். எங்கள் அளவுக்கு அது தாராளம். அதைவிடச் சுத்தமான வழி ஸ்டேட்டஸ். 24 மணி நேரம் கிடக்கும், விரும்பியவர் பார்ப்பார். வட்ஸ்அப் சனல் தொடங்கினால் விரும்பியவர் தானாக வந்து சேர்வார், அவருடைய இலக்கமும் மற்றவர்களுக்குத் தெரியாது.

விழா வருகைப் புத்தகத்தில் ஆட்கள் எழுதிவிட்டுப் போன இலக்கங்களை வைத்து விளம்பரம் அனுப்புவது சரியல்ல. அந்த விழாவுக்கு வந்தார்கள் என்பதற்காகத்தான் இலக்கத்தைத் தந்தார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதமில்லாமல் அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. ஆனால் சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது?

இன்னொருவர் தன் புத்தகத்தைப் பற்றிப் போட்ட பதிவின் கீழே என் புத்தகத்தைச் சொல்லலாமா?

கூடாது. மற்றவர் வீட்டுக் கலியாணத்தில் உங்கள் மகளின் சாதகக் குறிப்பை விநியோகிப்பது போன்றது. யாராவது 'கடலோரக் கதைகள் தமிழில் என்ன இருக்கு?' என்று நேரே கேட்டிருந்தால் மட்டும் சொல்லலாம். அப்போதும் வேறு மூன்று புத்தகங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'நானும் ஒன்று எழுதியிருக்கிறேன்' என்று சொல்லுங்கள்.

விலையைப் பதிவிலேயே போடவேண்டுமா? வியாபாரம் மாதிரித் தெரியாதா?

வியாபாரம்தானே. 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்று எழுதுவதுதான் மரியாதைக்குறைவு. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் கேட்கவே மாட்டார்கள். விலை, உள்நாட்டுத் தபாற்செலவு, எந்தப் புத்தகசாலையில் கிடைக்கும், வெளிநாட்டில் இருப்பவர் யாரிடம் வாங்கலாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுங்கள். பூபாலசிங்கம் போன்ற கடைக்குக் கொடுத்திருந்தால், பிரதி உண்மையில் அங்கே தட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வெயிலில் பஸ் எடுத்துப் போனவர் 'இன்னும் வரேல்லை' என்ற பதிலோடு திரும்பினால் பழி கடைக்காரருக்கு அல்ல.

இந்த விபரங்களைப் படமாக மட்டும் போடாமல் எழுத்திலும் தட்டச்சுச் செய்யுங்கள். படத்துக்குள் இருப்பதைத் தேடிப் பிடிக்க முடியாது. பார்வையற்ற வாசகரின் போன் அதை வாசித்துக் காட்டும் என்றும் சொல்ல முடியாது. இன்னொன்று: எங்கள் அச்சகங்கள் பல இன்னும் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில்தான் பக்கம் அமைக்கின்றன. அந்தக் கோப்பிலிருந்து ஒரு பந்தியை அப்படியே எடுத்து முகநூலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கும்.

ஒருவருக்கு இலவசமாகப் பிரதி கொடுத்தேன். ஆறு மாதமாகியும் ஒரு வரி எழுதவில்லை. ஞாபகப்படுத்தலாமா?

ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து, 'புத்தகம் கிடைத்ததா?' என்று மட்டும் கேட்கலாம். 'வாசித்தீர்களா?' என்று கேட்காதீர்கள். வாசிக்கவில்லை என்றால் அவர் பொய் சொல்லவேண்டி வரும். பிடிக்கவில்லை என்றால் இன்னும் பெரிய பொய். அன்பளிப்பாகக் கொடுத்ததற்குக் கடன் கணக்கு எழுதக்கூடாது.

கொடுக்கும்போதே 'எழுதுவீர்களா?' என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது வேறு. அது ஒப்பந்தம். அதிலும் 'நல்லதாக எழுதுங்கள்' என்று ஒருபோதும் சொல்லவேண்டாம். என் இரண்டாம் தொகுப்புக்கு வந்த மிகப் பயனுள்ள குறிப்பு, 'ஏழாவது கதை ஏன் இதில் இருக்கு என்று தெரியேல்லை' என்று ஒருவர் எழுதியது. எனக்கும் தெரியாது.

அமேசனில் என் மனைவியும் மச்சானும் ஐந்து நட்சத்திரம் போடலாமா?

அமேசன் விதிப்படி குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை போடக்கூடாது. கண்டுபிடித்தால் நீக்கிவிடும். இலவசப் பிரதி பெற்றவர் எழுதலாம், ஆனால் நல்லதாக எழுதவேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. இதுவும் எங்களுக்குப் புதிதல்ல. ஒரு நூலைச் சிறப்பித்து அதன் முன்னால் வைக்கும் சிறப்புப்பாயிரத்தை யார் சொல்லலாம் என்று நன்னூல் பட்டியல் தருகிறது: தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். மச்சான் அதில் இல்லை.

ஒருவர் முகநூலில் என் புத்தகத்தைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். என்ன பதில் எழுதுவது?

நன்னூலின் நான்காவது இடம், எதிராளி பழிக்கும்போது, என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அரசவையில் எதிராளி ஒருவன், கேட்பவர் சபை. முகநூலில் எதிராளி எழுதுவதை அவருடைய நண்பர்களும் உங்கள் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது பதிலிலேயே கதை புத்தகத்தை விட்டு ஊர், சாதி, யார் எப்போது எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்று போய்விடும். இங்கே அது போகாத இடமில்லை.

ஆண்டு, இடம், பேர் என்று தகவற்பிழை இருந்தால் அதை மட்டும் ஒரு வரியில் திருத்துங்கள். மற்றதற்கு 'வாசித்ததற்கு நன்றி' போதும். நண்பர்களைப் போன் எடுத்து 'போய் ஏதாவது எழுதுங்கோ' என்று ஏவிவிடாதீர்கள். ஏவிவிட்டது யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர் நீங்கள் மட்டும்தான்.

என் புத்தகத்தை யாரோ பிடிஎப் ஆக்கிக் குழுக்களில் பகிர்கிறார்கள். திட்டி ஒரு பதிவு போடவா?

கோபம் நியாயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கள் எழுத்தின் உரிமை உங்கள் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனாலும் பகிர்ந்தவரைக் கள்ளன் என்று தொடங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன் பிறகு வளர்ந்த எங்களுக்கு ஒரு புத்தகத்தை ஸ்கான் பண்ணி நாலு பேரிடம் கொடுத்து வைப்பது காப்பாற்றும் வேலையாகத்தான் தெரிகிறது. அந்த ஆள் உங்கள் வாசகர். உங்கள் புத்தகம் அழியக்கூடாது என்று நினைத்தவராகக்கூட இருக்கலாம். அதனால் தனியாக எழுதுங்கள்:

'புத்தகத்தை வாசித்துப் பகிர்ந்ததற்கு நன்றி. இன்னும் நூற்றைம்பது பிரதி கையில் இருக்கிறது, அச்சுக்கூலி இன்னும் வரவில்லை. இப்போதைக்கு பிடிஎப்பை நீக்கிவிட முடியுமா? பிரதிகள் முடிந்ததும் நானே நூலகத்துக்குக் கொடுப்பேன்.'

நூலகம் என்று இங்கே நான் சொல்வது 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தி இலவசமாக வாசிக்கத் தருகிறது. முதல் பதிப்பு விற்று முடிந்தவுடன் நான் அங்கே அனுமதி கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த வாசகர்கள் அச்சுப் பிரதியால் வந்தவர்களைவிடக் கூட. ஓர் எச்சரிக்கை: அமேசனின் மின்னூல் தளமான கின்டிலில் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் அந்த 90 நாளும் மின்பிரதி வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. சேர்ந்துவிட்டால் காலம் தானாகப் புதுப்பிக்கப்படும், நிறுத்துவதை நீங்கள்தான் பார்த்துச் செய்யவேண்டும். அச்சுப் பிரதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

வெளியீட்டு விழாவை நேரலையில் போடும்போது கவனிக்கவேண்டியது?

நேரம். இங்கே பிற்பகல் 3.30 என்றால் கோடையில் லண்டனில் காலை 11, ரொறன்ரோவில் காலை 6, சிட்னியில் இரவு 8. அழைப்பிதழில் இவற்றையும் எழுதுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வெளிநாட்டு ஆட்கள் ஊரில் நிற்பார்கள் என்று எல்லோரும் அந்த நாட்களிலேயே விழா வைக்கிறோம். ஆகவே ஒரே நாளில் மூன்று அழைப்பிதழ். உங்கள் நாளை அறிவிக்க முன் மற்றவர்களின் நாளைப் பாருங்கள்.

சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை என்று போகும்போது ஆய்வுரை தொடங்கும் நேரத்தில் திரை கறுப்பாகிவிடும். முகநூல் நேரலை அல்லது யூரியூப் நல்லது.

மண்டபத்தில் முதற்பிரதி வாங்குகிறவர் என்வலப் கொடுப்பது வழக்கம். நேரலையில் கமராவை அந்தக் கைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். புத்தகம் வாங்கியவர்களின் படத்தை மறுநாள் போடும்போதும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லோரும் தான் எங்கே நின்றேன் என்று முகநூலில் காட்ட விரும்புவதில்லை.

ஒரு புத்தகத்தைப் பற்றி எத்தனை தரம் போடலாம்?

வருகிறது என்று ஒன்று, வந்துவிட்டது என்று ஒன்று, விழாவுக்கு ஒன்று. அதன்பின் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும். இடையில் மற்றவர்களின் புத்தகங்களை வாசித்து எழுதுங்கள். உங்களுடைய மூன்று பதிவுக்கு மற்றவர்களுடைய பத்து, இது என் கணக்கு. யாரும் விதியாக வைத்ததில்லை.

மூன்று வருடமாகியும் ஐம்பது பிரதி மிச்சம். இனியும் போட்டால் தொந்தரவாகாதா?

ஆகும். இணையத்தில் விடுங்கள். பாடசாலை நூலகங்களுக்கும் பிரதேச சபை நூலகங்களுக்கும் முதலில் நூலகரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இடமில்லை என்று சொல்லும் நூலகமும் உண்டு, அதற்குக் கோபிக்க வேண்டாம். கொடுத்ததைப் படமெடுத்துப் போடவும் வேண்டாம். அதுவரை பெட்டியை வெறும் நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். என் முதல் தொகுப்பில் மிச்சமிருந்த பெட்டியை இரண்டு மாரி கழித்துத் திறந்தபோது அடிவரிசை பன்னிரண்டு பிரதியையும் கறையான் தின்றிருந்தது.